உலை நீரில் உலோகக் களைப்புச் சோதனை: தொடங்கும் முன்பே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

300 டிகிரி செல்சியஸ் சூட்டில், 15 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீருக்குள் ஓர் எஃகுத் துண்டை இழுத்து அமுக்கி, எத்தனை சுற்றில் அது விரிசல் விடுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பி வெளியே சொல்லக்கூடிய முதல் எண் கைக்கு வர எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அதற்குள் ஐந்து மாதிரிகள் வீணாயின. ஒன்றுகூட உலோகத்தின் தவறால் கெடவில்லை. இரண்டு திரிபை (இழுத்து அமுக்கும்போது நீளம் மாறும் சதவீதத்தை) அளந்த முறையால் கெட்டன, இரண்டு தண்ணீரால், ஒன்று மின்சாரத்தால். கேட்க ஆள் இல்லாமல் ஒவ்வொன்றையும் நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். ஆய்வறிக்கைகளில் "சோதனை இந்த நிலைமையில் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அழுத்த நீர் அணு உலைச் சூழலில் 316எல் போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சோதிக்கத் தொடங்குகிறவருக்கு இது பயன்படும்.

முதலில் நாட்கணக்கு. காற்றில் செய்யும் களைப்புச் சோதனையில் சுற்றின் வேகம் பெரிய விஷயம் இல்லை. வெந்நீரில் வேகம்தான் எல்லாம். 1991-இல் ஜப்பானில் ஹிகுச்சியும் இயிடாவும் கார்பன் எஃகுக்குத் திருத்தக் காரணி ஒன்றைக் கொடுத்தார்கள். காற்றில் கிடைக்கும் ஆயுளை நீரில் கிடைக்கும் ஆயுளால் வகுத்தால் வருவது அது, இப்போது சூழல் காரணி என்கிறோம். பிறகு இத்தகைய சோதனை முடிவுகளை அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் தொகுத்து, என்யூரெக்/சிஆர்-6909 என்ற அறிக்கையாக 2007-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்திய சமன்பாட்டில் ஆக்சிஜன் குறைந்த 300 டிகிரி நீரைப் போட்டுப் பாருங்கள். திரிபு வேகம் நொடிக்கு 0.4 சதவீதம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் சூழல் காரணி 2-ஐ ஒட்டி வரும். 0.01 சதவீதம் என்றால் சுமார் 4.6. 0.0004 சதவீதம் என்றால் 9.6. மெதுவாக இழுக்க இழுக்கத் தண்ணீருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. விரிசல் நுனியில் ஆக்சைடுப் படலம் கிழிந்து புது உலோகம் வெளிப்படும் ஒவ்வொரு முறையும் அரிப்பும், அதில் பிறக்கும் ஹைட்ரஜனும் உள்ளே புகுகின்றன.

இதை நாட்களாக மாற்றிப் பார்க்காமல் இயந்திரத்துக்குத் தேதி வாங்காதீர்கள். திரிபு வீச்சு 0.3 சதவீதம் என்றால் கீழிருந்து மேல்வரை 0.6 சதவீதம் நகர வேண்டும். நொடிக்கு 0.0004 சதவீதத்தில் அதற்கு 1,500 நொடி, அதாவது 25 நிமிடம். காற்றில் இந்த வீச்சுக்குச் சராசரி ஆயுள் 24,000 சுற்றை ஒட்டியது. காரணி 9.6 என்றால் நீரில் சுமார் 2,500 சுற்று. பெருக்கினால் 43 நாள் ஆகிறது, அதுவும் ஒரே ஒரு மாதிரிக்கு. திரும்பி வரும் பாதியையும் அதே வேகத்தில் ஓட்டினால் 87 நாள். நான் முதலில் இரு பக்கமும் ஒரே வேகம் என்றுதான் திட்டம் போட்டேன், ஒரு மாதத்துக்கு மேல் அநியாயமாகப் போனது. சேதம் நடப்பது பெரும்பாலும் இழுக்கும் பாதியில்தான். ஆகவே மேலே போகும்போது மெதுவாகவும், கீழே வரும்போது நொடிக்கு 0.4 சதவீதம் போல வேகமாகவும் ஓட்டும் ரம்பப்பல் வடிவ அலையே போதும், இந்தத் துறையில் வழக்கமும் அதுதான். முதல் சோதனையை இவ்வளவு நீளமாக வைக்கவும் வேண்டாம். வீச்சு 0.6 சதவீதம், வேகம் 0.004 என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 300 நொடி, எழுநூறு சுற்றுக்குள் முடிந்துவிடும், இரண்டரை நாள்தான். கருவியில் இருக்கும் குறைகள் எல்லாம் அந்த இரண்டரை நாளிலேயே தலைகாட்டிவிடும். 43 நாள் சோதனையில் அவற்றைக் கண்டுபிடிப்பது கொடுமை.

மாதிரித் துண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுப்பகுதி 8 மிமீ விட்டம், 16 மிமீ நீளம் என்று நான் வைத்தேன். நீளம் விட்டத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் அமுக்கும்போது வளைய ஆரம்பிக்கும். மேற்பரப்பைக் கடைசியாக நீளவாக்கில் மெருகேற்றி, சராசரிச் சொரசொரப்பை 0.2 மைக்ரான் அளவுக்குக் கொண்டுவாருங்கள். குறுக்குவாட்டில் ஒரு கீறல் மிஞ்சினால் விரிசல் அங்கேயே தொடங்கும். அது உலோகத்தின் ஆயுள் ஆகாது, கீறலின் ஆயுள். சோதனைக்கு முன் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய ஒரு மாதிரியைப் பூட்டி நேர்கோட்டு அமைப்பைச் சரிபாருங்கள். வளைவுத் திரிபு அச்சுத் திரிபில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டோகிளேவின் (மாதிரி நிற்கும் அழுத்தக் கலத்தின்) மூடியை இறுக்கிய பிறகும் ஒரு முறை பார்க்க வேண்டும். மூடி இறுகும்போது இழுகம்பி (இயந்திரத்தை மாதிரியோடு இணைக்கும் கம்பி) ஒரு பக்கமாகத் தள்ளப்படுவது உண்டு. மாதிரிக்கும் பிடிகளுக்கும் இடையில் மின்காப்பு வேண்டும். சிர்கோனியா வளையங்கள் நன்றாகத் தாங்குகின்றன.

இனி திரிபு. என் இரண்டு மாதிரிகளும் நான்கு மாதமும் இங்கேதான் போயின. காற்றில் எக்ஸ்டென்சோமீட்டரை (நீட்சியை அளக்கும் கருவியை) நடுப்பகுதியில் நேராகக் கவ்வலாம். வெந்நீருக்குள் பெரும்பாலான அமைப்புகளில் அது முடியாது, முடிந்தாலும் கத்திமுனை பதிந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். ஆகவே மாதிரியின் தோள்களுக்கு (நடுப்பகுதியின் இருபுறமும் தடிக்கும் இடங்களுக்கு) இடையில் இருக்கும் நகர்வை அளந்து, அதிலிருந்து நடுப்பகுதியின் திரிபைக் கணக்கிடுகிறோம். அளப்பது ஓரிடம், நமக்கு வேண்டியது வேறோரிடம். இரண்டையும் இணைக்கும் விகிதத்தை முன்கூட்டியே காற்றில் கண்டுபிடிக்க வேண்டும்: தோளில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு எக்ஸ்டென்சோமீட்டர்களைப் பூட்டி, ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். அறை வெப்பநிலையில் எடுத்த விகிதத்தை 300 டிகிரிக்குப் பயன்படுத்தியது என் முதல் தவறு. சூட்டில் உலோகம் மென்மையாகும், தோளுக்கும் நடுவுக்கும் திரிபு பங்கிடப்படும் விதமே மாறிவிடும். இரண்டாவது தவறு, அந்த விகிதம் கடைசிவரை மாறாது என்று நம்பியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முதல் சில பத்துச் சுற்றுகளில் கடினப்படும், பிறகு இளகும், சிறிய வீச்சில் நீண்ட நாள் ஓடினால் மறுபடியும் கடினப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் விகிதம் கொஞ்சம் நகரும். காற்றில் செய்யும் அளவீட்டை ஐந்தாறு சுற்றோடு நிறுத்தாமல் பாதி ஆயுள்வரை ஓட்டி, சுற்றெண்ணுக்கு எதிராக ஒரு வரைபடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன நகர்வுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். வீச்சு 0.3 என்று நினைத்து உண்மையில் 0.33 ஓடினால் ஆயுள் கால்வாசி குறைந்துவிடும். 0.25 ஓடினால் ஆயுள் 1.8 மடங்காகும். அந்த 1.8 மடங்கைப் பார்த்துவிட்டு "இந்த நீரில் இந்த எஃகு நன்றாகத் தாங்குகிறது" என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. நான் கிட்டத்தட்ட எழுதியே விட்டேன். என்னைக் காப்பாற்றியது சுமைப் பதிவு. யாராவது முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் மிகவும் ஏங்கிய விஷயம் இது. நீர் ஆயுளைக் குறைக்கும், ஆனால் விரிசல் பெரிதாகும்வரை உலோகம் கொடுக்கும் எதிர்ப்பை நீர் அநேகமாக மாற்றாது. எனவே அதே வார்ப்பு (ஒரே உருக்கில் வந்த எஃகு), அதே வெப்பநிலை, அதே வீச்சு, அதே வேகத்தில் காற்றில் ஒரு மாதிரியை ஓட்டி, அதன் தகைவு (பரப்பளவுக்கு வரும் விசை) வீச்சைச் சுற்றெண்ணோடு வரைந்து வையுங்கள். நீரில் ஓடும் மாதிரியின் முதல் இருபது முப்பது சுற்றுகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் தொடரலாம். அதைவிட விலகினால் உங்கள் திரிபு தவறு என்றே வைத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள். ஒரு மாதிரி போனாலும் பரவாயில்லை, ஒன்றரை மாதம் மிஞ்சும்.

வெளியே, இயந்திரத்தின் உந்துதண்டில் அளந்து கட்டுப்படுத்தலாமா என்றால் கூடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சூடான இழுகம்பி 300 மிமீ, வெப்பநிலை ஊசலாட்டம் வெறும் 3 டிகிரி, விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு. நீட்சி 0.015 மிமீ. 16 மிமீ நடுப்பகுதிமேல் இதை ஏற்றினால் ஏறத்தாழ 0.1 சதவீதத் திரிபு, நம் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சுற்று 25 நிமிடம் நீளும்போது, ஹீட்டர் ஏறி இறங்குவதும் அறையின் ஏசி மாறுவதும் அந்தச் சுற்றுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. தோளில் அளப்பதால் இதில் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு அறையின் சூட்டை நிலையாக வைத்து, வெளியே நிற்கும் எல்விடிடியை (நகர்வு உணரியை) உறைபோட்டு மூடுங்கள்.

அடுத்தது, சூடேற்றும்போதே மாதிரி கெட்டுப்போவது. உள்ளே இருக்கும் அழுத்தம் இழுகம்பியை வெளியே தள்ளும். 20 மிமீ கம்பிக்கு 15 மெகாபாஸ்கலில் அந்த விசை 4.7 கிலோநியூட்டன். 8 மிமீ மாதிரிமேல் அது 94 மெகாபாஸ்கல் தகைவு. மென்பதப்படுத்திய 316எல், 300 டிகிரியில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையில் இது பாதிக்கும் மேல். இதோடு நகர்வைப் பூட்டிவைத்துச் சூடேற்றினால், மாதிரி மட்டும் 280 டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 0.5 சதவீதம் விரியப் பார்க்கும். அதைத் தாங்கும் இயந்திரச் சட்டம் அதே அளவு விரியாவிட்டால், சோதனை தொடங்கும் முன்பே சோதனை வீச்சைவிடப் பெரிய திரிபை மாதிரி வாங்கிவிடும். ஆகவே முதலில் அழுத்தம், பிறகு சூடு. இரண்டின்போதும் சுமைக் கட்டுப்பாட்டில், மாதிரிமேல் சுமை பூச்சியம் என்று வைத்து ஏற்றுங்கள். வெளியே இருக்கும் லோடு செல்லில் (சுமை உணரியில்) பூச்சியம் தெரிந்தால் மாதிரிமேலும் பூச்சியம் என்று அர்த்தமில்லை, அழுத்த விசையைக் கழிக்க வேண்டும். மாதிரியே இல்லாமல் முழு அழுத்தத்திலும் சூட்டிலும் கம்பியை மேலும் கீழும் ஓட்டி, கம்பி கலத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் முத்திரையின் உராய்வையும் பதிவு செய்யுங்கள். சில நூறு நியூட்டன் இருக்கும். 300 நியூட்டன் என்றால் மாதிரிமேல் 6 மெகாபாஸ்கல். அது மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் முத்திரை தேய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீருக்கு வருகிறேன். திரிபில் கற்ற பாடமே இங்கும்: மீட்டர் நிற்கும் இடம் ஒன்று, மாதிரி நிற்கும் இடம் இன்னொன்று. வழக்கமான கலவை 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) போரான், 2 பிபிஎம் லித்தியம். ஒரு லிட்டர் தூய நீருக்கு 5.72 கிராம் போரிக் அமிலம், 12.1 மில்லிகிராம் ஒற்றை நீரேற்ற லித்தியம் ஹைட்ராக்சைடு. 50 லிட்டர் தொட்டிக்கு 286 கிராமும் 0.605 கிராமும். லித்தியம் ஹைட்ராக்சைடு காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்லக் கார்பனேட்டாக மாறிவிடும். திறந்து பல மாதமான பாட்டிலை நம்ப வேண்டாம். கலக்கிய நீரை அனுப்பி லித்தியத்தை அளந்த பிறகே பயன்படுத்துங்கள். சரியான கலவை 25 டிகிரியில் 6.4-ஐ ஒட்டிய பிஎச் காட்டும். மின்கடத்துமை செமீக்கு 20 மைக்ரோசீமென்ஸ் அளவில் இருக்கும்.

அந்த 20 என்ற எண்ணே ஒரு கண்ணி. கொதிநீர் உலைச் சோதனையில் தூய நீர் 0.06 மைக்ரோசீமென்ஸ் அளவில் இருக்கும். குளோரைடு துளி புகுந்தாலும் மீட்டர் உடனே துள்ளும். போரானும் லித்தியமும் கலந்த நீரில் 50 பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு) குளோரைடு புகுந்தால் கூடுவது 0.2 முதல் 0.6 வரைதான், 20-க்குள் அது தெரியவே தெரியாது. எனக்கும் அப்படித்தான் நடந்தது, புகுந்தது மட்டும் சல்ஃபேட். மீட்டர் அசையவில்லை, ஆயுள் மட்டும் காரணமில்லாமல் குறைந்து வந்தது. வாரம் ஒரு முறை வெளியேறும் நீரை அயனி குரோமடோகிராஃபிக்கு அனுப்பியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். குற்றவாளி திருகுகளுக்குப் பூசிய மசகு. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த மசகு சூட்டில் சல்ஃபேட்டைக் கொடுக்கும். குறிபோடும் பேனா மை, சில பிசின் நாடாக்கள், பழைய அயனிமாற்றிப் பிசினிலிருந்து கசியும் துணுக்குகள் ஆகியவற்றிலிருந்தும் குளோரைடோ சல்ஃபேட்டோ வரும். ஹாலஜனும் கந்தகமும் இல்லாத நிக்கல் மசகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆட்டோகிளேவ், புதுக் குழாய் என்றால் மாதிரி இல்லாமல் ஒரு வாரமாவது இதே நீரை இதே சூட்டில் ஓட்டி, சுவரில் ஆக்சைடுப் படலம் பிடிக்க விடுங்கள்.

கரைந்த ஆக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறு எந்தப் பக்கம் போகும் என்பதே முக்கியம். காற்றில் திறந்திருக்கும் நீரில் 8 பிபிஎம் ஆக்சிஜன் இருக்கும், நமக்கு வேண்டியது 10 பிபிபிக்குக் கீழே. கார்பன் எஃகிலும் குறைகலப்பு எஃகிலும் ஆக்சிஜன் கூடினால் ஆயுள் குறையும். 0.04 பிபிஎம் தாண்டினால் சூழல் காரணி ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நேர் எதிர்: ஆக்சிஜன் குறைந்த நீர்தான் அதிகம் கடிக்கிறது. திருத்திய சமன்பாட்டின்படி 0.1 பிபிஎம் அல்லது அதற்கு மேல் ஆக்சிஜன் இருந்தால், கூருணர்வு ஏறாத (சூட்டால் தானிய எல்லைகளில் குரோமியம் குறையாத) எஃகுக்கு 9.6 என்ற காரணி 3-ஆக இறங்கிவிடும். அதாவது எங்கோ ஒரு மூட்டில் காற்று கசிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஆயுள் நீளும். பார்க்க நல்ல முடிவாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. அணு உலைக் குழாய்க்குக் கணக்குப் போடுகிறவர் கையில் அந்த எண் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

கசிவைப் பிடிப்பது எளிதல்ல. வெளியேறும் நீரில் ஆக்சிஜன் 2 பிபிபி என்று மீட்டர் காட்டும். ஆனால் ஹைட்ரஜன் கரைந்த நீர் 300 டிகிரி உலோகச் சுவர்களைத் தொட்டு வரும்போது உள்ளே நுழைந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிவிட்டிருக்கும். நுழைவாயிலில் எவ்வளவு இருந்தது என்று வெளிவாயில் சொல்லாது. இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். தொட்டியிலிருந்து பம்ப்வரை ஓரிடத்தில்கூட நைலான் குழாயோ டெஃப்லான் குழாயோ இருக்கக் கூடாது. நீர் ஒழுகாத குழாயின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான் போட வேண்டும். மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டினக் கம்பியைத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் இடையில் இருக்கும் மின்னழுத்தத்தைப் பதிவு செய்வது நான் கண்ட சிறந்த காவல். ஹைட்ரஜன் நிறைந்த நீரில் பிளாட்டினம் ஹைட்ரஜன் மின்முனையாகவே நடந்துகொள்ளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அதையொட்டியே நிற்கும், வித்தியாசம் சொற்பம். அந்த வித்தியாசம் நகரத் தொடங்கினால் நீர் மாறுகிறது. தொட்டியில் நிற்கும் மீட்டரைவிட அது மாதிரிக்கு நெருக்கமான சாட்சி.

ஹைட்ரஜன் ஏற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. வழக்கமான அளவு ஒரு கிலோ நீருக்கு 25 முதல் 35 கனசெமீ. 30 கனசெமீ என்பது 2.7 பிபிஎம். 25 டிகிரியில் ஒரு வளிமண்டல ஹைட்ரஜனுக்கு 17.5 கனசெமீ அளவில்தான் கரையும், ஆகவே 30-க்கு 1.7 வளிமண்டலம் வேண்டும். நான் ஆர்கானைக் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்டிவிட்டு, அப்படியே மேலே ஹைட்ரஜனை ஏற்றி 1.7 வந்ததும் நிறுத்தினேன். தொட்டிக்குள் ஒரு வளிமண்டல ஆர்கான் அப்படியே இருந்தது, ஹைட்ரஜனின் பங்கு வெறும் 0.7. கிடைத்தது 12 கனசெமீதான். ஆர்கானை வெற்றிடத்தால் இழுத்துவிட்டு, ஹைட்ரஜனை நிரப்பி வெளியேற்றுவதை மூன்று நான்கு முறை செய்த பிறகே கடைசி அழுத்தத்தை வையுங்கள். அளவி காட்டுவது வெளிக்காற்றழுத்தம் போக மீதியா, மொத்த அழுத்தமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறையில் ஹைட்ரஜன் உணரி கட்டாயம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். வெளியேற்றும் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும்.

மூட்டுகளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். கசிந்த நீர் ஆவியாகி விட்டுப்போன போரிக் அமிலம் அது, கசிவின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்னழுத்த வால்வுக்கு (வெளிவாயிலில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வுக்கு) முன் 5 மைக்ரான் வடிகட்டி போடுங்கள். சுவரிலிருந்து உரியும் ஆக்சைடுத் துகள் அதில் சிக்கினால் அழுத்தம் ஊசலாடும், 0.3 மெகாபாஸ்கல் ஊசலாட்டமே கம்பிவழியாக 100 நியூட்டனை ஒட்டிய சுமையாகப் பதிவாகும். ஆட்டோகிளேவை நீரால் முழுக்க நிரப்பி, வழிகளை எல்லாம் மூடிவைத்து ஒருபோதும் சூடேற்றாதீர்கள். 20 டிகிரியிலிருந்து 300-க்குப் போகையில் நீரின் கனஅளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். உடைதகடு (அழுத்தம் மிஞ்சினால் முதலில் கிழியும் தகடு) இல்லாத கலத்தின் பக்கத்தில் நிற்கவே கூடாது.

இப்போது அந்த 31-ஆம் நாள். 43 நாள் சோதனை, எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இரவில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. கட்டுப்பாட்டுக் கணினி யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பியது, நீர் பம்ப் நின்றது, பின்னழுத்த வால்வு வழியே அழுத்தம் மெல்ல இறங்கியது. பழுது வந்தால் "மாதிரிமேல் பூச்சியச் சுமை" நிலைக்குப் போ என்று நான் அமைத்திருந்தேன், சரியாகத்தான் செய்தது. ஆனால் அந்தப் பூச்சியத்துக்கு நான் கொடுத்திருந்தது 4.7 கிலோநியூட்டன் என்ற நிலையான எண். அழுத்தம் இறங்கியபோது கழிக்க வேண்டிய விசையும் இறங்கியது, எண் மட்டும் அப்படியே நின்றது. விளைவாக, 4.7 கிலோநியூட்டனும் அமுக்கமாக மாதிரியின்மேல் உட்கார்ந்தது. காலையில் வந்து பார்த்தபோது மாதிரி அந்த அமுக்கத்திலேயே நின்றிருந்தது. ஒரு மாதம் போய்விட்டது. அன்று முழுக்க யாரிடமும் பேசத் தோன்றவில்லை. இழப்பீட்டு விசையை அழுத்த உணரியிலிருந்து ஒவ்வொரு கணமும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும், நிலையான எண் கூடாது. பம்ப் நின்றால் வெளிவாயிலை மூடும் வால்வு ஒன்றும், ஹீட்டரைத் துண்டிக்கும் இணைப்பும் வேண்டும். முத்திரைக்குக் குளிர்நீர் நின்றாலும் அதே கதிதான், டெஃப்லான் முத்திரை 260 டிகிரிக்கு மேல் தாங்காது. தொடங்கும் முன், பயனற்ற ஒரு மாதிரியைப் பூட்டி, முழுச் சூட்டில் வைத்து, மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். அன்று தெரிவது எந்தக் கையேட்டிலும் இல்லை.

நின்ற சோதனையை மறுபடி ஓட்டலாமா? மாதிரிமேல் சுமை ஏறவில்லை என்றால் ஓட்டலாம். ஆனால் எத்தனை மணி நேரம் சூட்டில் நின்றது, நீர் எப்படி இருந்தது என்பதை முடிவோடு சேர்த்தே எழுதிவையுங்கள்.

முடிவை எங்கே வைப்பது என்பதை முன்பே தீர்மானியுங்கள். திடமான மாதிரியில் உச்ச இழுசுமை 25 சதவீதம் குறையும் சுற்றை ஆயுள் என்கிறோம். அப்போது விரிசல் ஏறத்தாழ 3 மிமீ ஆழம் இருக்கும். உள்ளே நீர் ஓடும் குழல் மாதிரியில் சுவர் துளைத்துக் கசிவதே முடிவு. அதில் உள்ளழுத்தத்தால் வளையத் தகைவும் சேர்வதால் இரண்டு வகை எண்களையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது. சுமை குறைந்ததும் இயந்திரம் தானாகவே பூச்சியச் சுமைக்குப் போக வேண்டும். இன்னும் நூறு சுற்று ஓடிவிட்டால் முறிபரப்புகள் ஒன்றோடொன்று மோதி அடையாளங்கள் அழிந்துவிடும். 60 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து, ஹைட்ரஜனை ஆர்கானால் விரட்டிய பிறகு கலத்தைத் திறவுங்கள்.

மாதிரியைப் பிய்த்துப் பிரிக்காதீர்கள். திரவ நைட்ரஜனில் முக்கி அடித்து உடைக்கும் வழி கார்பன் எஃகுக்கு வேலை செய்யும், ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்தக் குளிரிலும் நொறுங்காது, நசுங்கி நீளும். அறை வெப்பநிலையில், காற்றில், சிறிய வீச்சில் தொடர்ந்து சுழற்றிப் பிரித்தால் நீரில் வளர்ந்த பகுதி கறுத்த ஆக்சைடோடும், காற்றில் வளர்ந்த பகுதி பளபளப்பாகவும் தனித்தனியே தெரியும். ஆக்சைடை நீக்கிவிட்டு மின்னணு நுண்ணோக்கியில், ஒவ்வொரு சுற்றும் முறிபரப்பில் விட்டுப்போன வரிகளின் இடைவெளியை ஆழத்துக்கு எதிராக அளந்தால், விரிசல் ஒவ்வொரு ஆழத்தைத் தாண்டியது எந்தச் சுற்றில் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். தோள் வளைவில் தொடங்கிய விரிசல் என்றால் அந்த எண்ணைத் தயங்காமல் விலக்குங்கள்.

சூழல் காரணியைக் கணக்கிடும்போது வகுபடும் எண் எது என்று பாருங்கள். அறிக்கையின் வரையறை அறை வெப்பநிலைக் காற்று ஆயுளைத்தான் எடுக்கிறது. 300 டிகிரிக் காற்றில் கிடைத்த ஆயுளை வைத்து வகுத்தால் வேறு எண் வரும், இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றுச் சோதனையும் அதே வார்ப்பில், அதே மாதிரி வடிவில், அதே மெருகில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும், ஒரே நிலைமையில் ஓட்டிய இரண்டு மாதிரிகளின் ஆயுள் இரண்டு மடங்கு வித்தியாசப்படுவது களைப்புச் சோதனையில் சகஜம். ஆகவே ஒரே மாதிரியை வைத்து வேகத்தின் விளைவு, மெருகின் விளைவு என்று எதையும் சொல்லிவிட வேண்டாம். நாள் குறைவாக இருந்தால் நிலைமைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதிரி ஓட்டுங்கள். நான் ஆறு நிலைமைகளுக்கு ஒவ்வொன்று என்று தொடங்கி, கடைசியில் இரண்டு நிலைமைகளுக்கு மும்மூன்று என்று வந்து நின்றேன். அந்த ஆறு எண்களோடு மாதிரியின் சுமைப் பதிவு, இரு வாயில்களின் ஆக்சிஜன், பிளாட்டின மின்னழுத்தம், வாராந்திரக் குளோரைடு அளவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். எண்ணை யார் கேட்டாலும் அந்தக் கோப்பையும் சேர்த்தே கொடுக்கிறேன்.